அமானிதமா, அடமானமா?

வாங்கிய பொருளுக்கு வாங்கியவனே உடையவன் என்பது வணிகத்தின் அரிச்சுவடி. விலையைக் கொடுக்கிறோம், பொருளைப் பெறுகிறோம், விற்றவருக்கும் நமக்கும் உள்ள கணக்கு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. இந்தப் பெருநாளைக்கு ஒரு கடையில் கைலி எடுத்தவர் அடுத்த பெருநாளைக்கு வேறு கடைக்குப் போகலாம். பழைய கைலி அவர் காலைப் பிடித்துக்கொள்வதில்லை. இந்த மாதம் ஒருவரிடம் அரிசி வாங்கியவர் மறுமாதம் மற்றொருவரிடம் வாங்கலாம். உண்ட சோற்றை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இந்த அரிச்சுவடியை நம் காலத்துப் பொருளொன்று பொய்யாக்கிவிட்டது. ஆளுக்கொன்றாய் நாம் சட்டைப்பையில் சுமந்து திரியும் கைபேசிதான் அது. முழு விலை கொடுத்து வாங்குகிறோம். ஆனால் அதை விட்டு வேறொரு வகைக்கு மாற எண்ணும் நாளில்தான் கணக்கு தீரவில்லை என்பது தெரிகிறது. ஆண்ட்ராய்டு என்றொரு உலகம்; ஐபோன் என்றொரு உலகம். நுழைவதற்கு இரண்டுக்கும் அகன்ற வாசல் உண்டு. வெளியேறும் வாசலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. விரும்பி நுழைந்த இடத்திலிருந்து விரும்பியபோது வெளியேற முடியாவிட்டால், நுழைந்தபோது நம்மிடம் இருந்த சுதந்திரத்துக்கு என்ன பொருள்? இக்கேள்வியைச் சற்று நின்று சிந்திப்பது நம் கடமையாகிறது.

வெளியே வராதவை

பழவேற்காட்டு ஏரியை அடுத்த காட்டூர்ப் பக்கத்தில் இறால் வாங்கி விற்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான், எனினும் இப்படியொரு குடும்பத்தை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. தந்தை மவுத்தாகிவிட்டார். மூத்த மகன் துபாயில் இருக்கிறார். இளையவர் ஏரிக்கரையில் வியாபாரத்தைக் கவனித்து வருகிறார். விடுப்பில் ஊர் வந்த அண்ணன் தம்பிக்கு ஓர் ஐபோன் கொண்டுவருகிறார். தம்பியோ பல்லாண்டுகளாக ஆண்ட்ராய்டுக் கைபேசியில் பழகியவர். இன்று இந்தியாவில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அவ்வகையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

புதிய கைபேசிக்கு மாற உட்கார்கிறார் தம்பி. பெயர்களும் எண்களும் வந்துவிடுகின்றன. படங்கள் சிறிது பொறுமையோடு வந்து சேர்கின்றன. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் வரவில்லை. அவற்றை மறுபடியும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிறகு வாட்ஸ்அப். அதில்தான் தந்தையின் குரல் இருக்கிறது. கண் மங்கிய காலத்தில் எழுத மாட்டாமல், "இறால் வந்ததா? சாப்பிட்டாயா?" என்று குரலாகவே அவர் அனுப்பிய செய்திகள். கூகுளின் கிடங்கில் சேமித்து வைத்த அந்தத் தொகுப்பை ஐபோன் நேரே எடுத்துக்கொள்ளாது. 2022ஆம் ஆண்டில் இதற்கென ஒரு வழியைத் திறந்தார்கள். ஆனால் அவ்வழி இருப்பதை அறிந்தவர்க்கே அது வழி, மற்றவர்க்குச் சுவர்தான். தம்பி ஐபோனை அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய கைபேசியையே எடுத்துக்கொள்கிறார். அண்ணனுக்கு மனவருத்தம். தம்பிக்கோ, தம் கையிலுள்ள பொருளே தம்மைக் கட்டி வைத்திருக்கிறது என்னும் எண்ணம் அன்று முதல் அகலவில்லை.

எதிர்த்திசையில் போவோருக்கும் இதே கதைதான். ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குச் சென்ற பலருக்கு, மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் வந்து சேராமலே போயின. அவர்களின் எண் ஆப்பிள் நிறுவனத்தின் செய்தி ஏட்டிலேயே பதிந்து கிடந்ததுதான் காரணம். வீட்டைக் காலி செய்து போனவரின் கடிதங்களைப் பழைய வீட்டுக்காரரே வாங்கி வைத்துக்கொண்டது போன்ற நிலை. அந்த எண்ணை ஏட்டிலிருந்து நீக்கிக்கொள்ள ஒரு வழியை அந்நிறுவனம் 2014 நவம்பரில்தான் ஏற்படுத்தித் தந்தது. இரண்டு உலகங்களுக்கும் இடையே படங்களும் செய்திகளும் செம்மையாகச் செல்ல ஒரு பொதுமுறையை ஐபோன் ஏற்றுக்கொண்டது 2024 செப்டம்பரில்தான்.

கட்டுகளெல்லாம் தீயவையா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "உங்களை யார் வற்புறுத்தினார்கள்? நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள். இப்போது முறையிடுவது என்ன நியாயம்?" இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. மனித வாழ்வே கட்டுகளால் ஆனது. திருமணம் ஒரு கட்டு. தாய்மொழி ஒரு கட்டு. கொடுத்த வாக்கு ஒரு கட்டு. கட்டே கூடாது என்பவன் எந்த ஊருக்கும் உரியவனாக மாட்டான்.

பழவேற்காட்டு ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சியது தமிழகத்திலும் கிடக்கிறது. இங்குள்ள மீனவர்களிடையே 'பாடு' என்றொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் எவரும் நினைத்தபோது வலை போட்டுவிட முடியாது. இன்னார்க்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வகுத்திருக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை மற்றவருக்கு வழி விடுகிறார். இதுவும் கட்டுத்தான். ஆனால் இதனால் நெஞ்சு புழுங்குவதில்லை. கட்டை வகுத்தவர்களும் அவர்களே. அதன் பயனை முறைப்படி அடைவோரும் அவர்களே. அந்த முறைக்கு வெளியே நிற்கும் மீனவர்கள் குறைபட்டுக்கொள்வதும் உண்டு. ஒரு கட்டின் நியாயத்தை அதற்குள் இருப்பவரை மட்டும் கேட்டு முடிவு செய்துவிட முடியாது என்பதற்கு அது சான்று.

ஆகவே, கட்டு இருக்கிறதா என்பது கேள்வியன்று. எத்தகைய கட்டு என்பதே கேள்வி. நியாயமான கட்டையும் அநியாயமான கட்டையும் எந்த உரைகல்லில் உரசிப் பார்ப்பது? அதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இதே கரையில் முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த வணிகம் நமக்கு அதைக் கற்றுத் தருகிறது.

தறிக்காரரின் உரிமை

பழவேற்காடு ஒரு காலத்தில் துணிக்குப் பேர்போன துறைமுகம். மலாய் நாட்டில் இன்றும் ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அந்தப் 'பெலிக்காட்', ஐரோப்பியர் 'புலிக்காட்' என்றழைத்த நம் பழவேற்காடுதான். டச்சுக் கம்பெனியார் 1610இல் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் வணிகத்துக்கு இதுவே தலைநகர். பின்னர் ஆங்கிலக் கம்பெனியின் கை ஓங்கியது.

இத்தனை வணிகமும் முன்பணத்தின் மீதே நடந்தது. நூல் வாங்கவும், துணி முடியும் வரை குடும்பம் உண்ணவும் நெசவாளருக்கு வணிகர் முன்பணம் கொடுப்பார். நெசவாளர் துணியை அவருக்கே தர வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது கால்விலங்கு. ஆனால் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2001இல் நூல் வெளியிட்ட பிரசன்னன் பார்த்தசாரதி என்னும் வரலாற்றாசிரியர் ஓர் அரிய செய்தியை எடுத்துக்காட்டுகிறார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை நெசவாளருக்கு இருந்தது. வேறொரு வணிகர் கூடுதல் விலை தர முன்வந்தால், பழையவரின் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் புதியவருக்கு நெய்யலாம். இவ்வுரிமை இருந்ததாலேயே நெசவாளர் சந்தையில் தலைநிமிர்ந்து நின்றார்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனி அரசியல் அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டபோது, முதலில் கை வைத்த உரிமைகளில் இதுவும் ஒன்று. கம்பெனியின் முன்பணத்தைத் தொட்டவர் கம்பெனிக்குத்தான் நெய்ய வேண்டும். பணத்தைத் திருப்பித் தந்தாலும் விடுதலை இல்லை என்ற நிலை உருவாயிற்று. தறியை உடைக்கவில்லை, நூலைப் பறிக்கவில்லை. வெளியேறும் வாசலை மட்டும் அடைத்தார்கள். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. விலையைச் சொல்லும் வாய் நெசவாளரிடமிருந்து கம்பெனிக்கு மாறிவிட்டது.

இதிலிருந்து நாம் பெறும் உரைகல் இதுதான்: விலகிச் செல்ல நாம் கொடுக்க வேண்டியது என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதைக் கொடுத்ததும் வாசல் திறக்க வேண்டும், நமக்கு உரியது நம்மோடு வர வேண்டும். இம்மூன்றும் இருந்தால் அது ஒப்பந்தம். இல்லையேல், பெயர் எதுவாயினும், அது விலங்கு.

கடனில்லா அடமானம்

கைபேசியை இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம். அதற்குமுன், அதற்குள் இருப்பவையெல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, நாமே உண்டாக்கியவை: நாம் எடுத்த படம், எழுதிய செய்தி, பேசிய குரல், குறித்து வைத்த எண். இரண்டு, நாம் விலை கொடுத்து வாங்கிய செயலிகள். மூன்று, பழக்கத்தால் வந்தவை: எந்த மூலையைத் தொட்டால் எது திறக்கும் என்று விரலுக்கு ஏறிப்போன நினைவு.

மூன்றாவதை யாரும் நமக்குப் பெயர்த்துத் தர முடியாது. புது ஊருக்குக் குடிபோகிறவர் தெருக்களைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். இரண்டாவதில் வாதத்துக்கு இடமுண்டு. ஒரு வீட்டுக்கென்று செய்த கதவு மற்றொரு வீட்டு நிலைக்குப் பொருந்தாதுதானே என்று நிறுவனங்கள் கேட்கலாம். ஆனால் முதல் வகையில் வாதத்துக்கே இடமில்லை. அவை நம்முடையவை. நிறுவனம் அவற்றைப் பாதுகாத்து வைக்கும் இடம் மட்டுமே. நம் மரபில் இதற்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது: அமானிதம்.

அமானிதத்துக்கும் அடமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுப் பெண்கள்கூட அறிவார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படும் அண்டை வீட்டம்மா நகைப்பெட்டியை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அது அமானிதம். திரும்பி வந்து கேட்ட மறுகணம் கொடுக்க வேண்டும். "என் வீட்டுக்குத் தொடர்ந்து வருவதாக இருந்தால்தான் தருவேன்" என்று எவரும் சொல்ல மாட்டார். அதே நகையைக் கடனுக்காக வைத்தால் அது ரஹ்னு எனப்படும் அடமானம். கடன் தீரும் வரை பிடித்து வைத்துக்கொள்ள வைத்திருப்பவருக்கு உரிமை உண்டு. மார்க்கச் சட்டம் இரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துப் பேசுகிறது. அமானிதத்தை அடமானம்போல் நடத்துவது மோசடி.

கைபேசியில் நடப்பது என்ன? விலையை முழுதும் செலுத்திவிட்டோம். கடன் ஒரு காசும் இல்லை. இருந்தும் நம் பொருளை எடுத்துக்கொண்டு போக முடியாதபடி தடை இருக்குமானால், அது கடனில்லா அடமானம். அடமானக்காரராவது கடன் தொகையைச் சொல்லுவார். இங்கே எவ்வளவு கொடுத்தால் விடுதலை என்று சொல்லுவாரும் இல்லை.

நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மக்கா நகரமே அவர்களுக்குப் பகையாகிவிட்டது. உயிருக்கே குறி வைத்துவிட்டார்கள். ஆயினும் அந்நகரத்தார் தம் விலையுயர்ந்த பொருள்களை வைத்திருந்தது அவர்களிடம்தான். ஊரை விட்டுப் புறப்பட்ட இரவில், அப்பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்கவென்றே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். பகைத்தவர்களின் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. உறவு முறிந்தாலும் அமானிதம் முறிவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க முடியுமா? உறவு நன்றாக இருக்கும்போது திருப்பித் தருவது பெரிதன்று. நம்மை விட்டு ஒருவர் பிரிந்து போகும்போது அவருடையதை அவரிடம் தருவதில்தான் நம்பிக்கைக்குரியவரின் அடையாளம் இருக்கிறது.

சுவரும் வாசலும்

நிறுவனங்களின் தரப்பையும் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நீதியன்று. அவர்கள் சொல்வது இது: "நாங்கள் சுவர் எழுப்பியது உங்களைக் காக்கவே. கண்டவர் செய்த செயலியும் உள்ளே வரலாம் என்றால் மோசடிக்காரர்களும் வருவார்கள். எல்லாவற்றையும் நாங்களே இழைத்துச் செய்வதால்தான் கைபேசி தங்குதடையின்றி வேலை செய்கிறது." இதில் உண்மை இருக்கிறது. வங்கிக் கணக்கை ஏமாற்றிப் பறிக்கும் போலிச் செயலிகளால் பணத்தை இழந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு.

ஆனால் உள்ளே வருவதைக் காக்கும் சுவர் வேறு. வெளியே போவதைத் தடுக்கும் சுவர் வேறு. கெல்டிரியாக் கோட்டையின் மதில் பகைவரைத் தடுத்திருக்கலாம். உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாதென்றால் அதே மதிலுக்குச் சிறை என்று பெயர். திருடனைத் தடுக்க வேண்டுமென்பதற்காக வீட்டுக்காரரைப் பூட்டி வைப்பார் உண்டோ?

அதுமட்டுமன்று; கோட்டைகள் நிலைப்பதுமில்லை. ஒரு காலத்தில் அலுவலர் கைகளிலெல்லாம் பிளாக்பெரிக் கைபேசி இருந்தது. அதன் செய்திச் சேவை பொதுமக்களுக்கு 2019 மே 31ஆம் நாள் நின்றது. 2022 ஜனவரி 4ஆம் நாள் அதன் பழைய கைபேசிகளுக்கான சேவைகளும் நிறுத்தப்பட்டன. கோட்டை விழும் நாளில், வாசல் இருந்த கோட்டையில் இருந்தவர் பொருளோடு வெளியேறுவார். வாசலற்ற கோட்டையில் இருந்தவரின் பொருள் இடிபாட்டோடு போகும்.

வாசல் வைப்பது முடியாத காரியமும் அன்று. கைபேசி எண்ணையே பாருங்கள். முன்பு ஒரு நிறுவனத்தின் சேவை பிடிக்காவிட்டாலும், எண் போய்விடுமே என்று அஞ்சிப் பொறுத்திருந்தோம். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்தது. தொடக்கத்தில் அதற்கான கட்டணம் 19 ரூபாய். பின்னர் அதுவும் ஏழு ரூபாய்க்குள் இறங்கிவிட்டது. விலகும் விலை தெரிந்தது, வாசல் திறந்தது, நம் எண் நம்மோடு வந்தது. மேலே கண்ட உரைகல்லின் மூன்று கோடுகளும் இதில் பதிந்திருக்கின்றன. இதனால் எந்த நிறுவனத்தின் தலையிலும் இடி விழவில்லை. 2016இல் வந்த யுபிஐ பணப்பரிமாற்ற முறையும் அத்தகையதே. எந்த வங்கி, எந்தக் கைபேசி என்று பாராமல் ஒருவர் பணம் இன்னொருவரை அடைகிறது.

அரசுகளும் ஆணையங்களும் இப்போது விழித்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு உலகில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையின் சில பகுதிகளை விலக்கினாலும், 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்தது. பயனாளர் தம் தரவுகளைத் தம்மோடு எடுத்துச் செல்ல வழிவிட வேண்டும் என்னும் கடமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 மார்ச் முதல் பெருநிறுவனங்கள் மீது சுமத்தியிருக்கிறது. ஐபோனுக்குத் தனியொரு மின்னேற்றி வடம் என்பதும் 2023 செப்டம்பரில் முடிவுக்கு வரத் தொடங்கியது. அதுவும் ஐரோப்பியச் சட்டம் நெருக்கியதன் பின்னரே.

ஏரிக்கரைக் கணக்கு

இதுவரை நாம் பிறரைக் கேள்வி கேட்டோம். அதே கேள்வி நம் பக்கம் திரும்பும்போதுதான் அறத்தின் எடை தெரியும்.

காட்டூர்ப் பக்கத்தில் இறால் வாங்குகிறவராக நாம் எண்ணிப் பார்த்தோமே, அந்தத் தம்பியின் தொழிலைச் சற்று உற்று நோக்குவோம். நம் கடற்கரைகளில் மீன் வியாபாரம் எங்கும் நடக்கும் விதத்தில்தான் அவருடைய தொழிலும் நடக்கும். படகுக்கும் வலைக்கும் மீனவருக்கு முன்பணம் கொடுப்பார். வட்டி வாங்கமாட்டார், வட்டி ஹராம் என்பதை அறிந்தவர். ஆனால் பிடித்து வரும் இறாலை அவரிடமே தர வேண்டும். விலையை அவரே சொல்வார். அது சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முன்பணத்தை எளிதில் திருப்பிவிட முடியாது. வலை கிழிந்தால் மேலும் கொஞ்சம். மகள் திருமணத்துக்கு மேலும் கொஞ்சம். கணக்கு தீராது, தீராமல் இருப்பதில்தான் வியாபாரியின் ஆதாயம் இருக்கிறது.

கடனைச் சாக்காக வைத்து, நிபந்தனையாகக் கடன் கொடுத்தவர் பெறும் ஆதாயத்தை மார்க்க மேதைகள் வட்டியின் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். வட்டி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டால் வட்டியைத் தவிர்த்ததாகிவிடாது. தந்தையின் குரலை எடுத்துப்போக முடியவில்லையே என்று கைபேசி நிறுவனத்தின் மீது வெதும்பும் தம்பி, தம் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதப்பட்ட மீனவரின் நெஞ்சிலும் அதே வெதும்பல் இருப்பதை அறிவாரா?

கைபேசியும் மீனும் சந்தித்த ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. வடகேரளக் கரையில் 1997க்கும் 2001க்கும் இடையே கைபேசிச் சேவை வந்தபோது மத்தி மீன் சந்தையில் என்ன நேர்ந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். எந்தத் துறையில் நல்ல விலை என்று கடலிலிருந்தே கேட்டு மீனவர் அங்கே கரையேறினார்கள். வீணாகிக் கொட்டப்பட்ட மீன் மிச்சமாயிற்று. மீனவரின் ஆதாயம் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. இருதரப்புக்கும் நன்மை.

ஆனால் இந்நன்மை யாருக்குக் கிட்டும்? விரும்பிய இடத்தில் விற்கும் உரிமை உடையவருக்கே கிட்டும். முன்பணத்தால் ஒரே வியாபாரியிடம் கட்டுண்டவர் கையில் எத்தனை நல்ல கைபேசி இருந்தாலும், அது அவருக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: தாம் எவ்வளவு இழக்கிறோம் என்பதை நாள்தோறும் சொல்லிக் கொண்டிருக்கும். அறிவு மட்டும் விடுதலை ஆகாது. போகும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

இந்த வாசல் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக விளங்கும். கடவுச்சீட்டை முதலாளி வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டால், அங்கே வேலை பார்ப்பவர் என்ன ஆவார் என்பதை எத்தனையோ குடும்பங்கள் கண்ணீரோடு அறிந்திருக்கின்றன. பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று கத்தார் 2020இல் சட்டம் திருத்தியபோது நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி உண்மையானால், நம் கடையில் வேலை பார்க்கும் பையனின் சான்றிதழ் நம் மேசை இழுப்பறையில் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்?

நாமே போட்ட பூட்டு

இன்னொரு பூட்டும் உண்டு. அதைப் பிறர் போடுவதில்லை. நஃப்ஸு போடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல வழி இருந்தும், சோம்பலால் இருந்த இடத்திலேயே இருப்போர் பலர். தேவை ஏதுமின்றி, பிறர் பார்வைக்காகவே விலையுயர்ந்த கைபேசிக்குக் கடன்பட்டு மாறுவோரும் பலர். முன்னவர் பழக்கத்துக்கு அடிமை. பின்னவர் பகட்டுக்கு அடிமை. இவ்விருவரையும் எந்தச் சட்டமும் விடுவிக்காது.

காலமும் ஒரு பூட்டுத்தான். காயல்பட்டினம், கீழக்கரை, பழவேற்காடு போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் அரபுத்தமிழ் ஏடுகள் இருந்தன. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த காலம் அது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியார்கள் அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். பாட்டிமார் அவற்றைத் தொழுகைக்குப் பின் ஓதினார்கள். அந்த ஏட்டைப் பேத்தி இன்று கையில் எடுத்தால், எழுத்து தெரிகிறது, ஓசையும் வருகிறது, ஆனால் அதைத் தமிழாகப் படிக்கத் தெரியவில்லை. எந்த நிறுவனமும் அதைப் பூட்டவில்லை. படிக்கக் கற்றுக் கொடுக்காமல் விட்டதால் அது தானே பூட்டிக்கொண்டது.

கணினித் தமிழிலும் இது நடந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் குறியீட்டில் எழுத்துருச் செய்ததால், ஒரு கணினியில் தட்டிய கட்டுரை மற்றொன்றில் புரியாத கிறுக்கலாய்த் தெரிந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு ஒரு தரத்தை நோக்கி நடை போட்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று ஆண்ட்ராய்டில் எழுதிய தமிழை ஐபோனில் படிக்கிறோமென்றால், பொதுவான ஒரு முறைக்கு எல்லாரும் இசைந்ததே காரணம். அதற்குமுன் பழைய குறியீடுகளில் தட்டப்பட்டு, பெயர்த்தெழுதப்படாமல் போனவை எத்தனை!

எனவே நம் கடமையும் இதில் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல். வீட்டுப் பெரியவர்களின் குரலையும் படத்தையும் ஒரே நிறுவனத்தின் கிடங்கில் மட்டும் விட்டுவைக்காமல், எந்தக் கருவியிலும் திறக்கக்கூடிய வடிவில் தனியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஒரு கைபேசியை வாங்கும் முன், விலையையும் படக்கருவியையும் மட்டும் பாராமல், இதை விட்டுப் போகும் நாளில் நம்மோடு என்ன வரும், என்ன வராது என்று கேட்டறிய வேண்டும். நுழையும்போதே வெளிவாசலைப் பார்த்துக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது. மார்க்கம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வதும் அவநம்பிக்கையால் அன்று.

ஒருவரை நம்மிடம் இருத்தி வைக்க இரு வழிகள் உண்டு. அவர் விரும்பி இருக்கும்படி நடந்துகொள்வது ஒன்று. போக முடியாதபடி செய்துவிடுவது மற்றொன்று. இரண்டிலும் அவர் இருப்பார். கணக்கேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முதல் வழியில் இருப்பவர் நம் வாடிக்கையாளர், நம் தோழர், நம் தொழிலாளர். இரண்டாவது வழியில் இருப்பவர் நம் கைதி. எந்த வழியில் அவர் இருக்கிறார் என்பதை அறிய வாசலைத் திறந்து வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு சோதனை கிடையாது.

உலகின் பெருநிறுவனங்களை அச்சோதனைக்கு உட்படுத்தச் சட்டங்கள் முயன்று வருகின்றன, அது நல்லதே. நம் கடையையும் நோட்டுப் புத்தகத்தையும் மேசை இழுப்பறையையும் உட்படுத்துவதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறருடைய பொருள் எதுவோ ஒன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதை அமானிதமாக வைத்திருக்கிறோமா, அடமானமாக வைத்திருக்கிறோமா என்பதை, உரியவர் வந்து கேட்கும் முன்பே நாம் நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.